செப்டிக் டேங்க்: தண்ணீர் எங்கே நிற்கிறது?

ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு காலை. எங்கள் வீட்டுக் கீழ்த்தளக் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. "டேங்க் நிரம்பிடுச்சு, லாரிக்குச் சொல்லுங்க" என்றார்கள் வீட்டில். சொன்னேன். வந்து எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் தண்ணீர் நின்றது. மறுபடியும் லாரி. அடுத்த வாரத்தில் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது வந்தவர் அறுபதை நெருங்கிய ஓட்டுநர். குழாயைத் தொட்டிக்குள் விட்டு, இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு மோட்டாரை நிறுத்தினார்.

"சார், இதுல கசடே இல்ல. வெறும் தண்ணிதான் வருது. நான் எடுத்துட்டுப் போனாலும் ரெண்டு நாள்ல திரும்ப நிக்கும். குறை டேங்க்ல இல்ல, வேற எங்கயோ இருக்கு. அதைப் பாருங்க."

அன்று அவர் லோடு எடுக்கவில்லை. கூலியும் வாங்கவில்லை. அவர் சொன்ன "வேற எங்கயோ" எந்த இடம் என்று தேடிய நாட்களில் கற்றுக்கொண்டதுதான் இந்த அத்தியாயம். பல வீடுகளில் இதே தவறு நடப்பதைப் பிறகு பார்த்தேன். கழிப்பறையில் தண்ணீர் நின்றால் தொட்டி நிரம்பிவிட்டது என்று முடிவு கட்டி, லாரிக்கும் கொத்தனாருக்கும் மாறி மாறிச் செலவழிக்கிறோம். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். செலவு அதற்குப் பிறகு.

தொட்டி எப்படி வேலை செய்கிறது

செப்டிக் டேங்க் என்பது நிரம்பிய நிலையிலேயே வேலை செய்யும் தொட்டி. புதுத் தொட்டி பயன்பாட்டுக்கு வந்து சில நாட்களிலேயே வெளிக்குழாயின் மட்டம் வரை தண்ணீர் ஏறிவிடும். அதன் பிறகு இந்தப் பக்கம் பத்து லிட்டர் உள்ளே போனால், அந்தப் பக்கம் பத்து லிட்டர் வெளியேறும். ஆகவே மூடியைத் திறந்து பார்த்து "நிறைய இருக்கிறதே" என்று பதறவேண்டியதில்லை. அது நிறைந்திருப்பதுதான் சரி.

உள்ளே மூன்று அடுக்குகள் உண்டு. கனமானவை அடியில் படிந்து கரிய கசடாகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மிதப்பவையும் மேலே தடித்த ஏடாகக் கட்டுகின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த நீர். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் செரிக்கின்றன. நம் ஊர் வெப்பம் அவற்றுக்கு நன்றாகவே ஒத்துவரும்.

உள்வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ஆங்கில 'டீ' (T) எழுத்து வடிவில் ஒரு துண்டு மாட்டியிருக்க வேண்டும். வீடு கட்டும்போது பலர் விட்டுவிடுவது இதைத்தான். அந்த 'டீ'யின் கீழ்க்கால் நடுத் தண்ணீருக்குள் இறங்கி நிற்பதால், ஏடும் கசடும் வெளியே போகாமல் நடு நீர் மட்டும் போகிறது. வெளிக்குழாய் உள்குழாயைவிட 5 செ.மீ., அதாவது இரண்டு அங்குலம், தாழ்ந்திருக்க வேண்டும்.

வெளியேறும் நீர் உறிஞ்சு குழிக்குப் போகிறது. சோக் பிட் என்று நாம் சொல்வது இதைத்தான். உறை இறக்கியோ, ஜல்லி நிரப்பியோ, செங்கல்லை இடைவெளி விட்டுக் கட்டியோ இதை அமைப்பார்கள். மண் அந்த நீரைக் குடிக்க வேண்டும்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்லும் தொட்டி, ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். நம் வீடுகளில் பெரும்பாலும் இதைவிடப் பெரிய தொட்டியே கட்டியிருக்கிறோம். தொட்டி பெரிதாக இருந்தும் தகராறு வருகிறது என்றால், அளவைக் குறை சொல்வதில் பயனில்லை.

மூடியைத் திறக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

செப்டிக் டேங்கிற்குள் எந்த மனிதரும் இறங்கக்கூடாது. நீங்களும் கூடாது, நீங்கள் கூலிக்கு அழைத்தவரும் கூடாது. தண்ணீரையெல்லாம் எடுத்த பிறகும், ஒரு நிமிட வேலை என்றாலும் கூடாது. கசடிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று தோன்றும் அந்த நேரம்தான் மிகவும் ஆபத்தானது. அளவு ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் அப்படியே விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் பின்னால் இந்த வரிசைதான் இருக்கிறது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவதை யார் செய்தாலும் குற்றம் என்கிறது. "யார்" என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை சாகக்கூடாது.

தப்பித்தவறி யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, இரண்டுக்கும் உடனே சொல்லுங்கள்.

மூடி திறக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- இருவர் சேர்ந்து திறங்கள். பழைய ஸ்லாபின் மேல் ஏறி நிற்காதீர்கள். கம்பி துருப்பிடித்த ஸ்லாப் மேலே நன்றாகத் தெரிந்தாலும் கீழே உதிர்ந்திருக்கும்.
- திறந்ததும் அரை மணி நேரம் விலகியிருங்கள். பிறகு காற்று வரும் திசையில் நின்று பாருங்கள். துவாரத்துக்கு மேலே குனிந்து முகத்தை நீட்டாதீர்கள்.
- பீடி, தீக்குச்சி, மெழுகுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும். டார்ச் வெளிச்சம் போதும்.
- குழந்தைகளும் ஆடு மாடும் வரும் இடமென்றால் திறந்த வாயை ஒரு நொடியும் ஆளில்லாமல் விடாதீர்கள்.

கையில் வேண்டியவை

முழங்கை வரை ரப்பர் கையுறை, பூட்ஸ், முகக்கவசம், கடப்பாரை, டார்ச், இரண்டு வாளித் தண்ணீர், எட்டடி மூங்கில் அல்லது பிவிசி குழாய், பழைய வெள்ளை வேட்டித் துண்டு, சணல் கயிறு, சொட்டு நீலம், அளவு நாடா. குழாய் அடைப்புக்கு ரப்பர் பம்ப்பும் மூங்கில் பிளாச்சும். பிளாச்சு கிடைக்காத ஊரில் பிளம்பரிடம் உள்ள ஸ்பிரிங் கம்பி.

நான்கு இடம், நான்கு கேள்வி

வீட்டிலிருந்து வெளியே நோக்கி ஒவ்வொரு இடமாக வாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்துக்கும் நிற்காத இடத்துக்கும் நடுவில்தான் அடைப்பு.

முதல் இடம், கழிப்பறை. நிற்பது ஒரு கழிப்பறையிலா, எல்லாவற்றிலுமா? மாடியில் ஒன்று மட்டும் நின்று, கீழே நன்றாகப் போனால் அடைப்பு அந்தக் கோப்பையின் டிராப்பிலோ அதன் கிளைக் குழாயிலோ இருக்கிறது. எல்லாமே மெதுவாகப் போனால், அல்லது மாடியில் ஊற்றும் தண்ணீர் கீழ்த்தளக் கோப்பையில் பொங்கினால், அடைப்பு வெளியே. குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் குளியல் நீரும் சமையலறை நீரும் தனிக் குழாயில் தோட்டத்துக்கோ தெருச் சாக்கடைக்கோ போகும். அப்படியிருந்து அவை நன்றாகப் போவதை வைத்துக் கழிப்பறைக் குழாயும் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

இரண்டாம் இடம், சேம்பர். வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள சேம்பர் மூடியைத் திறங்கள். உள்ளே ஒருவர் கோப்பையில் ஒரு வாளி ஊற்றட்டும். சேம்பர் காய்ந்து கிடந்து தண்ணீர் வரவில்லை என்றால் அடைப்பு வீட்டுப் பக்கம். சேம்பரே நிரம்பி நின்றால் அடைப்பு தொட்டிப் பக்கம். இந்த ஒரு சோதனையிலேயே தேடவேண்டிய இடம் பாதியாகிவிடும்.

மூன்றாம் இடம், தொட்டி. உள்ளே எட்டிப் பார்க்காமல், டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் மட்டத்தை மட்டும் கவனியுங்கள்.

- மட்டம் வெளிக்குழாயின் அடிவிளிம்பில் இருந்தால் தொட்டி நலம். குறை அதற்கு முன்னால் உள்ள குழாயில்.
- வெளிக்குழாயும் மூழ்கி, உள்குழாயும் மூழ்கியிருந்தால், வெளி 'டீ' அடைத்திருக்கிறது அல்லது உறிஞ்சு குழி குடிக்கவில்லை.
- இரண்டு அறைத் தொட்டியில் முதல் அறை உயர்ந்தும் இரண்டாம் அறை சரியாகவும் இருந்தால் நடுச்சுவர்த் துவாரத்தை ஏடோ துணியோ அடைத்திருக்கிறது.
- மட்டம் வெளிக்குழாய்க்கு வெகு கீழே இருந்தால் மகிழாதீர்கள். தொட்டி விரிசல் விட்டு மண்ணுக்குள் கசிகிறது. பக்கத்தில் கிணறோ போரோ இருந்தால் அந்தத் தண்ணீரை உடனே சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம்.

நான்காம் இடம், உறிஞ்சு குழி. தொட்டி உயர்ந்து நிற்கும்போது குழி காலியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள குழாய் அடைத்திருக்கிறது. குழியும் குழாய் மட்டம் வரை நின்றால் மண் தண்ணீரை ஏற்கவில்லை. அந்த நிலையில் எத்தனை லாரி வந்தாலும் மூன்றே நாள் நிம்மதிதான்.

கசடை அளப்பது

லாரி தேவையா என்று ஊகிக்க வேண்டாம், அளந்தே சொல்லலாம். மூங்கிலின் அடி நான்கடிக்கு வெள்ளை வேட்டித் துண்டைச் சுற்றி, சணலால் நெருக்கமாகக் கட்டுங்கள். வெளிக்குழாய்ப் பக்கத்து மூடி வழியாக நிமிர்த்தி, அவசரமில்லாமல் இறக்குங்கள். முதலில் ஏட்டைக் குத்தும்போது சிறு தடை தெரியும். பிறகு தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும். அதன் பின் சேற்றில் கால் புதைவது போல மெத்தென்ற பிடி. கடைசியில் 'டக்' என்று தரை. அங்கே மூன்று நான்கு நிமிடம் அசைக்காமல் பிடியுங்கள். பிறகு ஒரே நிதானத்தில் மேலே இழுங்கள்.

துணியின் அடிப்பகுதி கரிய நிறத்தில் இருக்கும். அதற்கு மேலே பழுப்பு நீர்க்கறை. கருப்பு முடியும் கோடுதான் கசடின் உயரம். ஏட்டின் தடிமனை அளக்க, இன்னொரு கம்பின் நுனியில் கைப்பிடி அளவு பலகைத் துண்டைக் குறுக்காக ஆணியடித்து, ஏட்டைத் துளைத்து இறக்கி மெல்ல மேலே தூக்குங்கள். பலகை ஏட்டின் அடியில் முட்டும் இடத்தையும் ஏட்டின் மேல்மட்டத்தையும் கம்பில் குறித்துக்கொண்டால் இரண்டுக்கும் இடைவெளிதான் தடிமன்.

கசடும் ஏடும் சேர்ந்து நீர் ஆழத்தில் பாதியைத் தாண்டினால் லாரிக்குச் சொல்ல வேண்டிய நேரம். ஒரு கணக்கு: நீர் ஆழம் 48 அங்குலம், கசடு 18, ஏடு 7. கூட்டினால் 25. பாதியான 24ஐத் தாண்டிவிட்டது, எடுத்துவிடுங்கள். அதே தொட்டியில் கசடு 10, ஏடு 4 என்றால் கூட்டல் 14தான். தண்ணீர் நிற்பதற்குக் காரணம் வேறு. எங்கள் வீட்டில் கருப்புக் கோடு நான்கு விரல்கூட ஏறவில்லை.

அளந்த துணியைக் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டாம். உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கம்பையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சரிசெய்வது எப்படி

டிராப் அடைப்பு. ரப்பர் பம்ப்பைத் துவாரத்தில் முழுக்கப் பொருத்தி, மேலே தண்ணீர் நிற்கும்படி வைத்துப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி இழுங்கள். அசையவில்லை என்றால் சேம்பர் பக்கத்திலிருந்து பிளாச்சு விடுங்கள். கோப்பைப் பக்கமிருந்து குத்தினால் பீங்கான் உடையலாம், அடைத்த பொருளும் இன்னும் உள்ளே போய் இறுகும். வெளியே வருவது பெரும்பாலும் நாப்கின், குழந்தைகளின் டயப்பர், ஈரத்துடைப்பான், தலைமுடிச் சுருள். இவற்றில் எதுவும் தொட்டியில் செரிக்காது. கழிப்பறைக்குள் மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று வைத்தால் இந்த அடைப்பு மறுபடி வராது.

ஆசிட் ஊற்றாதீர்கள். துணியும் நாப்கினும் அதில் கரையாது. நுண்ணுயிர்கள் சாகும், சிமென்ட் பூச்சு அரிக்கும், அடுத்து கையை விடும் பிளம்பருக்குப் புண்ணாகும்.

குழாயின் வாட்டம். நான்கங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் இருந்தால் நல்லது. புதுவீட்டில் மண் அமர்ந்து குழாய் நடுவில் தொய்ந்துவிடுவது சாதாரணம். அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கி, மலம் படிந்து, மாதம் ஒருமுறை அடைக்கும். சேம்பரிலிருந்து தொட்டி வரை டியூப் மட்டம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தொய்ந்த இடத்தைத் தோண்டி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மணல் படுக்கையில் குழாயை மறுபடி கிடத்துங்கள். செங்குத்தாக மடங்கும் எல்போ இருந்தால் அதை எடுத்துவிட்டு 45 பாகை வளைவு இரண்டு போடுங்கள். பழைய மண்குழாய் என்றால் மூட்டு வழியாக மரவேர் நுழைந்திருக்கும். வேரை வெட்டுவதோடு நிறுத்தினால் மறுமழையில் திரும்ப வரும். அந்தத் துண்டை பிவிசியாக மாற்றிவிடுங்கள்.

காற்றுக் குழாய். தண்ணீர் போகும்போது 'களக் களக்' என்று சத்தம் வந்தாலும், வீட்டுக்குள் நாற்றம் அடித்தாலும் மொட்டைமாடிக்குப் போய்க் காற்றுக்குழாயின் வாயைப் பாருங்கள். குருவிக்கூடு, காய்ந்த சருகு, யாரோ கவிழ்த்து வைத்த டப்பா, எதுவும் இருக்கலாம். எடுத்துவிட்டு நைலான் கொசுவலைத் துண்டை இறுக்கிக் கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வளரும் இடங்களில் செப்டிக் டேங்கும் ஒன்று. இரண்டு ரூபாய் வலைத்துண்டு அதைத் தடுக்கும். வலையில் தூசி படியும் என்பதால் ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

'டீ'யும் நடுச்சுவரும். மூடி நேர் மேலே இருந்தால் நீண்ட கம்பால் மேலிருந்தே ஏட்டைக் கலைத்து வழி விடலாம். 'டீ' உடைந்திருந்தால், லாரி தண்ணீரை எடுத்த பிறகு, வெளியே நின்றபடி கை எட்டும் தூரத்தில் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். எட்டவில்லை என்றால் இறங்க வேண்டாம். வெளிக்குழாய்க்கு நேர் மேலே ஸ்லாபில் புது மூடி வாய் திறக்கச் சொல்லுங்கள். அல்லது தொட்டிக்கு வெளியே சிறு சேம்பர் ஒன்று கட்டி, அதில் 'டீ'யும் சல்லடையும் வையுங்கள். இன்று ஆகும் செலவு இனி எப்போதும் ஆள் இறங்கத் தேவையில்லாத வசதியாகிவிடும்.

உறிஞ்சு குழி. என்னை அலையவைத்த குறை இங்கேதான் இருந்தது. குழியைச் சுற்றித் தோண்டியபோது, தொட்டியிலிருந்து வரும் குழாய்க்கு எதிர்ப்பக்கம் இன்னொரு குழாய் உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்பு வேலை செய்த யாரோ மொட்டைமாடி மழைநீர்க் குழாயைத் தோட்டத்தில் விட இடமில்லாமல் உறிஞ்சு குழிக்குள் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் தண்ணீர். மூன்றடி விட்டமும் ஆறடி ஆழமும் உள்ள குழியின் மொத்தக் கொள்ளளவே 1,200 லிட்டர்தான். மழை நின்ற பிறகும் மண் ஊறிக் கிடக்க, தொட்டித் தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பியது. மழைக்குழாயை அறுத்து, தள்ளியிருந்த மழைநீர் சேகரிப்புக் குழிக்கு மாற்றினேன். ஒரு பகல் வேலை. அதற்குப் பிறகு வந்த கார்த்திகை மழையில் கழிப்பறையில் தண்ணீர் நிற்கவில்லை.

ஆகவே குழி குடிக்கவில்லை என்றால் அதற்கு வரும் வேண்டாத தண்ணீரை முதலில் தேடுங்கள். மழைநீர், ஆர்.ஓ. கழிவு நீர், வாஷிங் மெஷின் நீர், ஒழுகும் ஃபிளஷ் டேங்க். கடைசியானது கண்ணுக்குத் தெரியாது. இரவு படுக்கும் முன் ஃபிளஷ் டேங்கில் ஐந்தாறு துளி சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் வால்வு ஒழுகுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினாலே ஒரு நாளில் 288 லிட்டர் ஆகிவிடும். வாஷர் மாற்றினால் தீரும் குறைக்குப் புதுக்குழி தோண்டிய வீடு உண்டு.

அடுத்தது மண். செம்மண்ணும் மணலும் குடிக்கும். கரிசலும் களியும் மறுக்கும். குழி போடப்போகும் ஆழத்தில் ஓரடி அகலத்தில் சிறு பள்ளம் எடுத்து, முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிடுங்கள். மறுநாள் அரையடித் தண்ணீர் விட்டு, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி போதும். 30 முதல் 60 நிமிடம் என்றால் ஆழக்குழியை விட, துளையிட்ட குழாயை ஜல்லியில் பதித்த நீண்ட வாய்க்கால் நல்லது. 60ஐத் தாண்டினால் அந்த மண்ணை நம்ப வேண்டாம். ஜல்லி, மணல் நிரப்பிக் கல்வாழையும் நாணலும் நட்ட பாத்தி வழியாக நீரைக் கடத்தும் அமைப்புக்குப் போகலாம்.

நாளடைவில் குழிச்சுவரில் கரிய வழுவழுப்புப் படலம் ஏறி மண்ணின் துளைகளை மூடும். இடமிருந்தால் இரண்டாவது குழி போட்டு, ஆறு மாதத்துக்கு ஒன்றாக மாற்றி விடுங்கள். ஓய்வில் இருக்கும் குழியில் அந்தப் படலம் காய்ந்து உதிர்ந்து, மண் மறுபடி குடிக்கத் தொடங்கும். பழைய குழியையே இன்னும் ஆழமாக்குவது மட்டும் வேண்டாம். நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் மழைக்காலத்தில் ஊற்று உள்ளே வரும், கோடையில் உங்கள் கழிவு கிணற்றுக்குப் போகும்.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு அமைப்புக்கும் குறைந்தது 18 மீட்டர், அறுபதடி இடைவெளி வேண்டும் என்கிறது தரநிலை. நாற்பதுக்கு அறுபது மனையில் அந்த அறுபதடி மனையின் முழு நீளம். பக்கத்து வீட்டு போரையும் கணக்கில் எடுத்தால் நகரத்தில் இது பலருக்கும் இயலாது. இயலாதவர்கள் போர்த் தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள். மழைக்கு முன்பும் பின்பும் சோதனைக்குக் கொடுங்கள்.

லாரி வரும் நாள்

அளந்து பார்த்துக் கசடு ஏறியிருந்தால் லாரி தேவைதான். அளக்க வசதியில்லாத வீடுகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. உள்ளாட்சி உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியையே அழையுங்கள். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். வேலை தொடங்கும் முன் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: யாரும் இறங்கக்கூடாது, கட்டிய கசடைத் தண்ணீர் பீய்ச்சிக் கலைத்து எடுக்க வேண்டும், கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி போலப் பல இடங்களில் இதற்கென்றே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஏரியிலோ ஓடையிலோ கொட்டினால் அது நம் ஊர்க் கிணற்றுக்கே திரும்பும்.

அடியில் ஓரிரு அங்குலம் கசடு மிஞ்சுவது நல்லது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் புதுக் கழிவுக்கு உறை மோர் போல உதவும். ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவச் சொல்லாதீர்கள். சாணம், வெல்லம், கடையில் விற்கும் பொடி எதுவும் தேவையில்லை. நுண்ணுயிர்கள் நம் குடலிலிருந்தே தினமும் போய்ச் சேர்கின்றன.

அடைமழையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது முழுத் தொட்டியையும் காலி செய்யாதீர்கள். பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் காலியானால் மண்ணைப் பிளந்து மிதந்தெழும். செங்கல் தொட்டியில் விரிசல் வழியாக ஊற்றுநீர் உள்ளே வரும். பங்குனி, சித்திரையில் எடுப்பதே நல்லது.

ஒரு தாளில் வரைந்து வையுங்கள்

எங்கள் வீட்டில் தொட்டி மூடிக்கு மேலேயே டைல்ஸ் பதித்திருந்தார்கள். மூடியைத் தேடி மூன்று இடத்தில் உடைத்தோம். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம்.

ஒரு தாளில் வீட்டை வரையுங்கள். சேம்பர்கள், தொட்டியின் இரண்டு மூடிகள், உறிஞ்சு குழி, மழைநீர்க் குழி, போர் ஆகியவை எங்கே இருக்கின்றன, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று குறியுங்கள். தொட்டியின் நீர் ஆழத்தை எழுதுங்கள். கீழே ஒரு கட்டம் போட்டு, அளந்த தேதி, கசடு, ஏடு, லாரி வந்த நாள் ஆகியவற்றை வரிசையாக நிரப்புங்கள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மின்மீட்டர்ப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். ஆண்டுக்கொருமுறை, பங்குனியில் மூங்கிலும் வேட்டித் துண்டும் எடுத்து அளந்து, அடுத்த வரியை எழுதுங்கள். கழிப்பறையில் தண்ணீர் நிற்கும் நாளில் முதலில் அந்தக் கதவைத் திறந்து கடைசி வரியைப் படியுங்கள். லாரிக்குச் சொல்ல வேண்டுமா, கடப்பாரை எடுக்க வேண்டுமா என்பதை அது சொல்லிவிடும்.